சாட்டிக்குப் போகிற ஞாயிறு

அத்தியாயம் 11

சிசிலியாவின் வீட்டு முன்வாசலில் நின்றால் கடல் தெரியும். அதனால் நான்கு வருடமாக அவள் பின்வாசலைத்தான் பாவிக்கிறாள்.

மூத்த மகன் சிமியோன் எண்பத்தாறாம் ஆண்டு ஒரு விடியற்காலையில் தொழிலுக்குப் போனான். வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. அந்த வாரமே அவள் இளையவன் தேவராசாவைக் கூப்பிட்டு, அவன் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். இனிமேல் கடலில் கால் வைக்கக்கூடாது. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. இப்போது இருபத்தொன்று. குருநகர்க் கரையில் ஒரு ஐஸ் கொம்பனியில் விடியப்புற வேலை.

கணவர் சூசைதாசனை அவளால் மறிக்க முடியவில்லை. "வேறை என்ன தொழில் எனக்குத் தெரியும்?" என்று கேட்டார் அவர்.

அச்சுவேலி மார்க்கண்டுவையும் குணலட்சுமியையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்பத்தேழு ஐப்பசியில் சண்டையால் பட்டினமே காலியானபோது, இந்தக் குடும்பத்தைத் தங்கள் வீட்டில் மூன்று மாதம் வைத்திருந்தவர்கள். வெங்காயத் தோட்டக்காரர்கள். பிள்ளை இல்லை. அந்த மூன்று மாதத்தில் தேவராசா நெருப்புக் காய்ச்சலில் கிடந்தான். சிசிலியா ஒரு பக்கமும் குணலட்சுமி ஒரு பக்கமுமாக இருந்து பார்த்தார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட சிநேகிதம்.

இந்த வருடம் பெரிய வெள்ளி, வருடப்பிறப்பு, உயிர்த்த ஞாயிறு மூன்றும் அடுத்தடுத்து வந்தன. தொண்ணூறாம் ஆண்டுச் சித்திரை. வெடிச்சத்தம் இல்லை. பஸ் ஓடுகிறது. பள்ளிக்கூடங்கள் விடுமுறை. குடாநாட்டில் எல்லாரும் எங்கேயாவது போவதற்குத் திட்டம் போட்டார்கள். கீரிமலைக்கு, காரைநகருக்கு, யாரைப் பார்த்தாலும் அதே கதை.

இவர்களும் போட்டார்கள். சனிக்கிழமை வருடப்பிறப்புச் சாப்பாடு அச்சுவேலியில். ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு குடும்பமும் சூசைதாசனின் வள்ளத்தில் சாட்டிக் கடற்கரைக்கு.

"நீங்கள் வள்ளத்திலை போங்கோ. நான் பஸ்ஸிலை வாறன்" என்றாள் சிசிலியா.

யாரும் சிரிக்கவில்லை.

*

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே மினிபஸ்ஸின் தகரம் சுட்டது. அச்சுவேலிச் சந்தியில் மூவரும் இறங்கியபோது சூசைதாசனின் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு இலைகூட ஆடவில்லை.

மார்க்கண்டு வாசல் படலையிலேயே நின்றார். மருத்துநீர் வைத்து முழுகிய தலை, நெற்றி நிறைய விபூதி, கரை வைத்த புது வேட்டி.

"வா சூசை, வா. வாங்கோ தங்கச்சி. நேற்று முழுக்க உபவாசம் இருந்திருப்பியள். இண்டைக்கு வயிறு முட்டச் சாப்பிடலாம்."

"எங்களுக்கு இண்டைக்கும் தவக்காலம் முடியேல்லை அண்ணை. நடுச்சாமப் பூசையோடைதான் முடியும்" என்றாள் சிசிலியா.

"அதுக்கென்ன? இஞ்சை எல்லாம் சைவம்தான். உங்கடை சாமியும் கோவிக்காது, எங்கடை சாமியும் கோவிக்காது."

சூசைதாசன் வீட்டுக்குள் போகவில்லை. கிணற்றடியைத் தாண்டித் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றார். மண்ணிலிருந்து கிண்டிய வெங்காயம் பாத்தி பாத்தியாகத் தாளோடு வெயிலில் கிடந்தது.

"எப்ப கிண்டினது?"

"புதன்கிழமை. திங்கள்தான் ஆக்கள் வருவினம், பிடி கட்டித் தூக்க. வருசப்பிறப்புக்கு ஆர் வேலைக்கு வருவான்?"

"மார்க்கண்டர், மழை வரப்போகுது."

மார்க்கண்டு அண்ணாந்து பார்த்தார். வானம் வெள்ளையாக எரிந்தது. சிரித்தார்.

"எங்கை ஒரு துண்டு முகில் காட்டு பாப்பம்."

"காத்து விழுந்திட்டுது. நேற்று ராத்திரி தெற்கிலை மின்னிக்கொண்டிருந்தது. உந்தப் புழுக்கத்தைப் பாருங்கோ. சித்திரைக் குழப்பம். மூண்டு மணிக்குள்ளை வரும்."

"நீ சொல்லுறது கடல் மழை. தோட்டத்து மழை வேறை."

"அது மழைக்குத் தெரியுமோ?"

தேவராசா சிரித்துவிட்டான். மார்க்கண்டுவும் சிரித்தார். ஆனாலும் அதற்குப் பிறகு இரண்டு தரம் தெற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நாளைக்குச் சாட்டி?" என்று கேட்டார்.

"இண்டைக்குக் கொட்டித் தீர்த்துதெண்டா நாளைக்குக் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். பயப்பிடாமல் வாங்கோ."

*

குசினியில் கத்தரிக்காய்ப் பால்கறி இறக்கியாகிவிட்டது. பாயாசமும் ஆகிவிட்டது. குணலட்சுமி அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்தாள். சிசிலியா நிலத்தில் இருந்து பொரியலுக்கு வாழைக்காய் சீவினாள்.

குணலட்சுமிக்குச் சந்தோசம். மூன்று மாதம் இரண்டு பேரும் சமைத்த குசினி. சந்தோசம் வந்தால் அவள் நிறையக் கதைப்பாள்.

"இண்டைக்கு மீன், நண்டுக் கதை கதைக்கக்கூடாது, எண்டாலும் சொல்லுறன் சிசிலி. ரண்டு கிழமைக்கு முந்தித் தேவராசா நண்டு கொண்டுவந்து தந்தானே, ஒவ்வொண்டும் என்ரை கையளவு. 'மாமி, இது நானே வலையிலையிருந்து கழட்டினது' எண்டு சொல்லேக்கை அவன்ரை முகத்தைப் பாத்திருக்கோணும் நீ."

வாழைக்காய் சீவிய கத்தி நின்றது.

"எந்த வலையிலை?"

குணலட்சுமி திரும்பிப் பார்த்தாள். சிநேகிதியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"சிசிலி... உனக்குத் தெரியும் எண்டல்லோ நினைச்சன்."

"என்ன தெரியும்?"

"அவன் தகப்பனோடை தொழிலுக்குப் போறான் எண்டு."

சிசிலியா கத்தியைக் கீழே வைத்தாள். முற்றத்தில் மகனின் சிரிப்புக் கேட்டது. தினமும் விடியப்புறம் மூன்று மணிக்கு அவள்தான் எழும்பி அவனுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுப்பாள். ஐஸ் கொம்பனிக்குப் போகிற பிள்ளை, குளிரும் என்று ஒரு பழைய சுவெற்றரும் தேடி எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"ரண்டு கிழமையாத் தெரிஞ்சும் நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"நான் என்னத்தைக் கண்டன்? பெடியன் சந்தோசமாச் சொன்னான். சத்தியத்தை நீயே விட்டுக்கொடுத்திட்டாய் எண்டு நினைச்சன். நல்லதுதான் எண்டும் நினைச்சன்."

"நல்லதோ?"

"இருபத்தொரு வயசு சிசிலி. எத்தினை நாளைக்கு அவனைக் கரையிலை கட்டி வைப்பாய்?"

"பெத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும் உனக்கு."

அது வாயை விட்டு வந்த பிறகுதான் சிசிலியாவின் காதிலேயே விழுந்தது.

எண்ணெயில் கிடந்த அப்பளம் கருகியது. குணலட்சுமி அதை எடுத்து ஒரு பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றைப் போட்டாள். அது பொங்கி வந்ததும் எடுத்தாள். இன்னொன்றைப் போட்டாள்.

"சாப்பாட்டைப் போடுவம். ஆம்பிளையள் பசியோடை இருப்பினம்" என்றாள்.

*

வாழையிலையில் எல்லாம் நிறைந்திருந்தது. மார்க்கண்டு மட்டும் கதைத்தார். வெங்காய விலை, கொழும்பு லொறி, சாட்டியில் எந்த இடத்தில் தண்ணீர் ஆழமில்லை என்று.

"என்ன, எல்லாரும் ஊமையள் மாதிரி இருக்கிறியள்? கறிக்கு உப்பில்லையோ?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சிசிலியா மகனின் கைகளைப் பார்த்தாள். சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தான். விரல்களின் உட்பக்கத்தில் குறுக்காகச் சிவந்த கோடுகள், சில ஆறிப்போனவை, சில புதியவை. ஐஸ் கட்டி வெட்டியது என்றுதானே இவ்வளவு நாளும் நினைத்தாள்? இருபத்தைந்து வருடமாகக் கடற்தொழிலாளி ஒருவரோடு வாழ்ந்தவளுக்குக் கயிற்றுத் தழும்பு தெரியாதா? பார்க்காமல் இருந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

பாயாசம் பரிமாறுகிற நேரம் தூரத்தில் ஒரு உறுமல் கேட்டது.

மார்க்கண்டு இலையை மடிக்காமலே எழும்பினார். சூசைதாசனும் எழும்பினார். வெளியே தெற்கில் அரைவாசி வானம் கறுத்திருந்தது. அது வந்த வேகத்தில் ஒரு அவசரம் தெரிந்தது.

"ஐயோ சூசை!"

"கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. கடகம் எங்கை? சாக்கு எங்கை? தேவராசா, கொட்டிலுக்கை தறப்பாள் கிடக்கு, இழுத்துக்கொண்டு ஓடு!"

கூலிக்கு ஆள் இல்லாத ஒரே நாள். ஐந்து பேர். இருபதுக்கு மேற்பட்ட பாத்திகள். நனைந்த வெங்காயம் இரண்டு நாளில் அழுகத் தொடங்கிவிடும். ஒரு போக உழைப்பு.

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மார்க்கண்டு முதல் பாத்தியில் குனிந்தார். குணலட்சுமி சாக்கை விரித்தாள். சிசிலியா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பனையோலைக் கடகத்தைத் தூக்கினாள். யாரும் அவளிடம் வா என்று சொல்லவில்லை. கொட்டிலுக்கும் தோட்டத்துக்குமாக அவள் ஓடிய ஓட்டத்தை எண்ண முடியாது. குணலட்சுமி அள்ளிப் போட்டாள். அவள் சுமந்தாள். கடகம் கைமாறிய ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் வெங்காயத்தை மட்டும் பார்த்தார்கள்.

பாதிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். அப்போது காற்று வந்தது. மண் வாசம் வந்தது. பெரிய பெரிய துளிகளாக விழத் தொடங்கி, கண்மூடித் திறக்க முன்பு கொட்டியது.

"மிச்சத்தைக் குவிச்சுப் போட்டு மூடு!" என்று சூசைதாசன் கத்தினார்.

தேவராசா தறப்பாளின் ஒரு முனையைப் பிடித்தான். எதிர் முனையில் யாரோ பிடித்தார்கள். நிமிர்ந்து பார்த்தான். அம்மா.

காற்று தறப்பாளைத் தூக்கிப் பறக்கவிடப் பார்த்தது. அவன் முழங்காலால் அமத்திக்கொண்டு மூலைக் கயிற்றைக் கட்டையில் சுற்றி, இழுத்து, முடிந்தான். ஒரு கணம்கூட எடுக்கவில்லை. அடுத்த மூலை. அதற்கடுத்தது. கண் பார்க்காமலே கை செய்த முடிச்சு.

"எத்தினை நாளாய்?" என்று கேட்டாள் சிசிலியா.

மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாள். கேட்டிருந்தது.

"மாசி மாசத்திலையிருந்து அம்மா."

"என்ரை தலையிலையோ உன்ரை தலையிலையோ அடிச்சுச் சத்தியம் வாங்கினனான்?"

"என்ரை தலையிலை."

"பிறகு?"

அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். தகப்பன் தூரத்தில், கொட்டில் வாசலில், ஒரு கையால் சாக்கை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவாலை தனிய வலை இழுக்கேலாது அம்மா. மாசியிலை ஒருநாள் வள்ளத்துக்கை அப்பிடியே இருந்திட்டாராம். எழும்பேலாமல். தியாகலிங்கம் அண்ணைதான் கண்டு, தன்ரை வள்ளத்தோடை கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு அப்பா அவரைக் கும்பிட்டவராம்."

சிசிலியா நாலாவது மூலைக் கயிற்றை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"அடுத்தநாள் நான் போய் வள்ளத்திலை ஏறினன். ஐஸ் கொம்பனி வேலையை விட்டிட்டன். அப்பா என்னைக் கூப்பிடேல்லை. இறங்கு எண்டும் சொல்லேல்லை."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே ராசா."

"சொன்னா அப்பாவை மறிப்பியள்."

"மறிச்சுத்தான் இருப்பன்."

"கரையிலை இருந்தா அவர் செத்துப்போவார் அம்மா. உங்களுக்கும் அது தெரியும்."

இடி ஒன்று பக்கத்தில் எங்கோ விழுந்தது. இரண்டு பேரும் கொட்டிலுக்கு ஓடினார்கள்.

*

நாலரைக்கு மழை விட்டது. வந்த மாதிரியே சட்டென்று. முன்னால் இருந்த ஐந்து பாத்தி வெங்காயம் சேற்றோடு போய்விட்டது. மற்றதெல்லாம் கொட்டிலுக்குள்ளும் தறப்பாளுக்குக் கீழும் தப்பியது.

மார்க்கண்டு கொட்டில் வாசலில் குந்தியிருந்து பெருமூச்சு விட்டார். "சூசை, இனிமேல் மழையெண்டு நீ சொன்னா நான் குடையோடைதான் படுப்பன்."

உள்ளே அறையில் குணலட்சுமி அலுமாரியைத் திறந்தாள். சிசிலியா கதவடியில் நின்றாள். சேலையிலிருந்து தண்ணீர் சீமெந்து நிலத்தில் வடிந்தது.

"இந்தா. உடுத்துக்கொள். நனைஞ்சபடி பஸ்ஸிலை போகேலாது."

கடதாசிப் பையோடு ஒரு சேலை. ஊதாவில் வெள்ளைக் கொடி போட்டது. விலைத்துண்டுகூடப் பிய்க்கவில்லை.

"இது புதுசு."

"உனக்கெண்டு எடுத்ததுதான். சாப்பாடு முடியத் தருவம் எண்டு வைச்சிருந்தன்."

சிசிலியா வாங்கவில்லை. கை நீட்டக் கை வரவில்லை.

"குணம், நான் சொல்லக்கூடாததைச் சொல்லிப்போட்டன்."

"ஓம்."

"மன்னிச்சுக்கொள் எண்டு கேக்கவும் வாய் வருகுதில்லை."

குணலட்சுமி கட்டில் விளிம்பில் இருந்தாள். அவளுடைய தலைமயிரிலும் வெங்காயத் தாள் ஒட்டியிருந்தது.

"உதை ஊரெல்லாம் சொன்னது சிசிலி. பதினெட்டு வருசம் சொன்னது. இவரின்ரை தமக்கை சொன்னா. கோயிலிலை பூக்கட்டுறவள்கூடச் சொன்னாள். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போச்சு. நீ சொல்லமாட்டாய் எண்டு நினைச்சன். அதுதான் நோகுது. வேறொண்டுமில்லை."

வெளியே கூரையிலிருந்து நீர் சொட்டியது.

"ஒண்டு சொல்லட்டோ?" என்றாள் குணலட்சுமி. "அவனுக்கு நெருப்புக் காய்ச்சல் எரிஞ்ச நேரம், நீ அலுத்துப்போய் நித்திரை கொண்டிட்டாய். அவன் என்ரை கையைப் பிடிச்சு 'அம்மா' எண்டு கூப்பிட்டவன். நானும் 'என்னடா' எண்டு கேட்டன். உனக்கு நான் அதைச் சொல்லேல்லை. நீ நோகுவாய் எண்டு. நண்டுக் கதையிலையும் அப்பிடி யோசிச்சிருக்கோணும். யோசிக்கேல்லை. பிழை என்னிலையும் இருக்கு."

சிசிலியாவுக்கு உடனே ஒரு எரிச்சல் வந்தது. அது உண்மை. என்னுடைய பிள்ளை என்று மனசு ஒரு தரம் துடித்தது. பிறகு, காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் அன்றைக்கு ஒருத்தி விழித்திருந்தாள் என்கிற நினைப்பு வந்தது. தான் உறங்க முடிந்ததே அதனால்தான்.

அவள் சேலையை வாங்கினாள். ஈரத்தைக் களைந்து உடுத்தினாள். கொய்யக மடிப்புகளைப் பிடித்தபடி திரும்பினாள்.

"உந்த முந்தானையை ஒருக்கா மடிச்சு விடு."

குணலட்சுமி எழும்பி வந்து மடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று மடிப்பு. ஊசியைத் தன் சட்டையிலிருந்து கழற்றித் தோளில் குத்திவிட்டாள்.

"நாளைக்கு நாங்கள் வாறதோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பூசை முடிய எட்டரை ஆகும். அதுக்குப் பிறகு வாங்கோ."

"நீ வள்ளத்திலையோ, பஸ்ஸிலையோ?"

சிசிலியா தோளில் குத்திய ஊசியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வள்ளத்தை ஆர் ஓட்டுறது எண்டதைப் பாத்துத்தான் சொல்லோணும்" என்றாள்.

*

ஆறு மணி பஸ். மழை கழுவிய வெயில் றோட்டில் மஞ்சளாகக் கிடந்தது. வருடப்பிறப்புக்குப் போய் வருகிற சனம் பஸ்ஸை நிறைத்திருந்தது. பிள்ளைகள் மோதகம் தின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் வாயிலும் மழைக் கதைதான். கோப்பாயில் தூறல்தானாம். புத்தூரில் ஒரு தென்னை முறிந்ததாம். நாளைக்குக் கீரிமலைக்குப் போகிறவர்கள் போகலாமா, விடலாமா?

தேவராசா முன்பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. தாய் தகப்பனோடு கதைக்கப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

சிசிலியா யன்னலோரத்தில் கணவரை இருத்தி, பக்கத்தில் தான் இருந்தாள். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. மாசி, பங்குனி என்று இரண்டு மாதம் ஒரே பாயில் படுத்து, ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டு, எப்படி மறைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். தியாகலிங்கத்துக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாதா என்று கேட்க வேண்டும். பட்டினம் வரைக்கும் சண்டை பிடிக்கலாம் என்ற கோபத்தோடுதான் ஏறினாள்.

பிறகு அவரைப் பார்த்தாள். இடுப்பில் சேறு காய்ந்த சாரம். மழையில் நனைந்த நரைத்த தலை. மடியில் இரண்டு கையும் கிடந்தன. வலது கை இடது கையை மூடியிருந்தது. தோட்டத்திலும் அவர் ஒரு கையால்தான் சாக்கை இழுத்தார்.

"எனக்குத் தெரிஞ்சிட்டுது" என்றாள்.

அவர் தலையாட்டினார். "தறப்பாள் கட்டேக்கை உங்கள் ரண்டு பேரையும் பாத்தனான்."

"டொக்டரிட்டைப் போனீங்களோ?"

"அது வாயுப் பிடிப்பு. எண்ணெய் போட்டாச் சரிவரும்."

"போனீங்களோ எண்டு கேட்டன்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"உங்கடை இடக்கையைத் தாங்கோ."

"ஏனப்பா? ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

வலக்கையால் இடக்கையைத் தூக்கி அவளுடைய கைக்குள் வைத்தார். சிசிலியா தன் விரல்களை அவர் விரல்களுக்குள் கொடுத்தாள்.

"இறுக்கிப் பிடியுங்கோ."

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. யாரோ சிரித்தார்கள். சூசைதாசனின் நெற்றியில் நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பிடியுங்கோ எண்டு சொல்லுறன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன் சிசிலியா."

அவளுடைய உள்ளங்கையில் அந்த விரல்கள் சும்மா கிடந்தன.